சுபுஹு நேரத்துக் குழாய்

சைதூன் அக்கா குழாயைத் துணி சுற்றித் திறக்க ஆரம்பித்தது கார்த்திகைக் கடைசியில். அந்தத் துணியை அவிழ்த்துப் போடச் சொன்னது நான்தான். பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்துகிற டீச்சர் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

திண்டுக்கல்லில், பேகம்பூரைத் தாண்டி, எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடித்தனம். முதல் வீட்டில் லூர்தம்மாள், சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. இரண்டாவது வீடு என்னுடையது. என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் வருவதற்குப் பத்து நாளாகும். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். மூன்றாவது வீட்டில் அப்துல் சுக்கூர் பாயும் அவர் சம்சாரம் சைதூன் அக்காவும். மற்ற இரண்டு வீட்டுக்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவருகிற இரும்புப் பைப்பு அந்தச் சந்துச் சுவரோடு ஐந்து வீட்டுக்கும் நீளமாக ஓடும். வீட்டுக்கு ஒரு குழாய், குழாயடியில் ஒரு பாத்தி சிமெண்டுத் தரை. அந்தத் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை.

பாய் வீட்டில் மாவு வியாபாரம். ராத்திரியே அரிசியும் உளுந்தும் ஊறிவிடும். அதிகாலை நாலு மணிக்குக் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். ஆறு வருஷமாக அந்தக் கடகட சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. அக்கா உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே நிற்பாள், தண்ணீர் தெளிப்பாள், இரண்டு விரலால் மாவை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பாள். விடியற்காலைத் தொழுகைக்குச் சுபுஹு பாங்கு சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு சந்துக் குழாய்க்கு வந்து ஒளு செய்வாள். முகம், முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் எல்லாம் கழுவி முடிக்க மூன்று நிமிஷம். செருப்பில்லாமல் ஈரத்தில் நிற்க வேண்டியதுதான். பாய் பாங்கு சத்தம் கேட்டதும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்; அவருடைய ஒளு அங்கே. தொழுதுவிட்டு வந்து மாவுப் பாக்கெட்டை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு கடைகளுக்குக் கிளம்புவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெஞ்சனத்துக்குக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டு அக்கா என் பின்வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"குழாய்ல கரண்டு வருமா?"

"தண்ணி வந்தாலே பெரிசு. கரண்டு வேற வருதாக்கும்?" என் வாய் அப்படி.

"பாத்தீகளா, சிரிக்கிறீக. சுபுஹுக்கு ஒளு செய்யக் கைய வச்சா சுள்ளுங்குது. மொதல்ல எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. இப்ப முழங்கை வரைக்கும் இழுக்குது. பழைய கைலித் துணி ஒண்ணச் சுத்திவச்சுத்தான் தொறக்குறேன்."

பாய் அவர்கள் வீட்டுப் பின்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அவளுக்கு நரம்புத் தளர்ச்சி டீச்சர். நாலு மணிக்கு எந்திரிச்சு ஈரத்துல நின்னா எறும்பும் கடிக்கும், தேளும் கடிக்கும்."

"இவுகளுக்கு என்ன, பள்ளிவாசல்ல நோகாம ஒளு செஞ்சுட்டு வந்துருவாக. ஒருநா இந்தக் குழாயத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"நேத்துத் தொட்டேனே."

"எப்பத் தொட்டீக? மத்தியானம் லொகருக்குத் தொட்டீக. லொகருக்கு வராது, சாயங்காலம் அசருக்கும் வராது. சுபுஹுக்கு மட்டுந்தான் வருது." அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம சுபுஹுக்கு வர்றதில்ல டீச்சர். மூணு வாரமாப் பாத்துட்டேன். அது ஏன்னுதான் வெளங்கல."

"கரண்டுக்கு ஞாயித்துக்கிழமை எல்லாம் தெரியாதுக்கா," என்றேன். "அந்த நேரத்துல உங்க வீட்டுல என்ன ஓடுது?"

"கிரைண்டருதான்."

"அப்புறம் என்ன? கிரைண்டர் பாடியில கரண்டு கசியுது."

இவ்வளவுதான் நான் யோசித்தது. வாரத்திலேயே அதிகம் மாவு ஆட்டுவது ஞாயிற்றுக்கிழமைதான் என்பது லைனுக்கே தெரியும். அன்றைக்குக் கிரைண்டர் இரண்டு ஈடு கூடுதலாக ஓடும். அப்படி ஓடும்போது ஏன் வரவில்லை என்று கேட்கப் பெரிய படிப்பு வேண்டாம். அக்கா ஆறாவதோடு நின்றவள், அவள் கேட்டாள். எம்.எஸ்ஸி. படித்த நான் கொத்தவரங்காயைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

எர்த் கம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் இந்த லைனுக்குக் குடிவந்தபோது ஒரு வீட்டிலும் எர்த் கிடையாது. மூன்று ஓட்டை பிளக்குப் பெட்டியில் மேல் ஓட்டை வெறும் ஓட்டை. நான்தான் வயர்மேனைக் கூட்டிவந்து, எர்த் கம்பியைச் சந்தில் ஓடுகிற இரும்புப் பைப்பில் கட்டச் சொன்னேன். அந்தப் பைப்பு கடைசி வீட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, பழைய ஆழ்துளைக் கிணற்று இரும்புக் குழாயோடு சேர்ந்து, பூமிக்குள் நூறு அடிக்கு மேல் போயிருந்தது. எந்தச் சாமானில் கரண்டு கசிந்தாலும் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும்; ஃபியூஸ் போகும்; ஆள் தப்பிக்கலாம். நான் கட்டியதைப் பார்த்து லூர்தம்மாள் கட்டினாள். பிறகு பாய் கட்டினார். ஒரு வருஷத்தில் ஐந்து வீட்டு எர்த்தும் ஒரே பைப்பில். "டீச்சர் வந்துதான் நம்ம லைனுக்கே பாதுகாப்பு வந்துச்சு" என்று லூர்தம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். எனக்கும் பெருமைதான்.

இந்த ஐப்பசி மழையில் அந்தப் பைப்பு மண்ணுக்குள் இறங்குகிற இடம் துருப்பிடித்து உடைந்தது. லைன் வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய குழாய்க்காரர் துருவேறிய பகுதியை அறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பு உயரத்துக்குப் பிளாஸ்டிக் பைப்பை ஒட்டினார். தொட்டியிலிருந்து இறங்குவது முன்பே பிளாஸ்டிக்தான். நடுவில் சுவரோடு ஓடுகிற இரும்பு மட்டும் பாக்கி. அது இப்போது எந்தப் பக்கமும் மண்ணைத் தொடவில்லை. ஐந்து வீட்டு எர்த் கம்பியையும் சுமந்துகொண்டு சுவரில் சும்மா நின்றது. அவர் ஒட்டியபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பசை காய இரண்டு மணி நேரமாகும் என்றார். டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்கழி பிறந்தது. சிறுமலைப் பக்கமிருந்து இறங்குகிற பனியில் காலையில் ஏழு மணிக்கும் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. எனக்கு வேலை எரியோடு பக்கத்துப் பள்ளியில். குளிர் தொடங்கிய நாளிலிருந்தே ஐந்து மணிக்கு எழுந்ததும் குளியலறை ஹீட்டர் சுவிட்சைப் போடுவேன். இருபது நிமிஷம். தண்ணீர் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஹீட்டர் ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பது நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதி, நானும் தவறியதில்லை. பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமையும் அரைநாள் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு; ஞாயிறு மாதிரி லீவு நாளில் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டேன். அந்த மாதம் ஒரு விடிகாலை பால் எடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜ் கதவு விரலில் சுர்ரென்றது. பனிக்காலத்தில் உலர்ந்த காற்று, நிலைமின்சாரம் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் வகுப்பில் திருப்புதல். கரும்பலகையில் வீட்டு மின்சுற்றை வரைந்தேன். மின்கம்பி ஒன்று, நடுநிலைக் கம்பி ஒன்று, பச்சைச் சாக்கட்டியில் புவிக் கம்பி. பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். தலையில் பூ அள்ளி வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை, வீட்டில் கனகாம்பரம் போட்டிருக்கிறார்கள்.

"டீச்சர், அந்தப் பச்சைக் கம்பி மண்ணுக்குள்ள போகாம நடுவுல அறுந்துருச்சுன்னா?"

"அறுந்துட்டா அது எர்த்தே இல்ல. கசியுற கரண்டு அதுலயே நிக்கும். யாராவது வெறுங்காலோட வந்து தொட்டா, அவுங்க உடம்பு வழியா மண்ணுக்கு இறங்கும். தொடுற ஆளே எர்த் கம்பி ஆயிருவாங்க."

எழுதிக்கொண்டார்கள். கேள்வி நன்றாக இருக்கிறது என்று அவளைப் பாராட்டவும் செய்தேன். மணி அடித்தது, டஸ்டரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தேர்வின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலை ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சந்தில் அக்காவின் குரல்.

"யா அல்லா."

கதவைத் திறந்தேன். அக்கா குழாயை விட்டுத் தள்ளி நின்று வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். கைலித் துணி நனைந்து குழாயில் தொங்கியது.

"துணி ஈரமாயிருச்சு டீச்சர். அதுலயும் வருது. தோளு வரைக்கும் வெட்டி இழுத்துருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குள் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் இன்னும் பள்ளிவாசலுக்குக் கிளம்பாமல் மாவை வழித்துக்கொண்டிருந்தார். லூர்தம்மாளும் சத்தம் கேட்டு வந்துவிட்டாள்.

"தள்ளுங்க பாய்," என்று டெஸ்டரைக் கிரைண்டரின் தகட்டில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. நன்றாக, சிவப்பாக எரிந்தது.

"பாத்துக்கங்க. இதான்."

பாய் முகம் சுண்டிப்போனது. "நான் கை வச்சுத்தான டீச்சர் வழிக்கிறேன்? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

"நீங்க ரப்பர் செருப்பு போட்டு, காஞ்ச பலகை மேல நிக்கிறீங்க. அக்கா வெறுங்காலோட ஈரத்துல நிக்கிறாங்க. அதான் அங்க அடிக்குது. இப்பப் பாருங்க." கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினேன். டெஸ்டரை மறுபடி தகட்டில் வைத்தேன். எரியவில்லை.

"அம்புட்டுத்தான். ஒரு மாசத்துப் பயத்துக்கு ஒரு நிமிசத்துல விடை," என்றாள் லூர்தம்மாள். "படிச்சவுக படிச்சவுகதான்."

அந்தத் தகட்டில் கரண்டு எப்படி வந்தது? பைப்பில் இருந்த கரண்டு, பாய் வீட்டு எர்த் கம்பி வழியாக ஏறி, பிளக்கின் மூன்றாவது காலில் நுழைந்து கிரைண்டருக்கு வந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் அந்த எர்த்தும் அறுந்தது, விளக்கு அணைந்தது. ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பைப் பிரித்துவிட்டு ஒன்றின் மேல் பழி போட்டேன். சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதும். டெஸ்டரை எடுத்துக்கொண்டு பத்து அடி நடந்து சந்துக் குழாயில் வைத்திருந்தால் போதும். கிரைண்டர் இல்லாமலும் அது எரிந்திருக்கும்.

"குழாய்லயும் ஒருக்கா வச்சுப் பாத்துருங்க டீச்சர்," என்று அக்கா கேட்கத்தான் செய்தாள்.

"அதுக்கு அவசியமே இல்லக்கா. ஹீட்டர் போட்டுட்டு வந்திருக்கேன், போகணும்."

இதைத்தான் சொன்னேன். இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே நான் பழநிப் பக்கம் பாலசமுத்திரத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். பள்ளி திறக்கிற வரை அங்கேதான். நான் கிளம்புவதற்குள் பாய் கிரைண்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றி மெக்கானிக் சனாவுல்லா கடைக்கு அனுப்பியிருந்தார். மறுநாள் போன் செய்தார்.

"டீச்சர், சனாவுல்லா மோட்டார் காயில்ல ஒரு பழுதும் இல்லங்கிறான். மீட்டர் வச்சு மூணு தடவ பாத்துட்டானாம். இந்தா, அவன்கிட்டயே குடுக்குறேன்."

சனாவுல்லா பேசினார். "அக்கா, கிரைண்டர் சுத்தமா இருக்கு. கசிவே இல்ல. வீட்டு வயரிங்க ஒருவாட்டி பாத்துருங்க. எர்த்து சரியா இருக்கான்னும் பாக்கணும்."

"தம்பி, டெஸ்டர் எரிஞ்சதை நான் கண்ணால பாத்தேன். குளிர்ந்த மெஷின்ல மீட்டர் வச்சா காட்டாது. ஓடிச் சூடானாத்தான் கசியும். காயிலை மாத்திருங்க."

"மாத்தச் சொன்னா மாத்துறேன். ஆனா இதுல இல்லக்கா."

"எர்த்து நான் நின்னு போட வச்சது தம்பி," என்றேன். அவர் போனைப் பாயிடம் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் கிரைண்டர் புதுக் காயிலோடு வந்தது. ஐந்தாம் நாள் அக்காவே கூப்பிட்டாள். பாலசமுத்திரத்தில் அம்மா அப்போது அடையும் வெல்லமும் வைத்துத் தந்திருந்தாள். வாயில் வைத்துக்கொண்டே பேசினேன்.

"டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அஞ்சு நாளா ஒரு சுள்ளுனு கூட இல்ல. நேத்து கிரைண்டரும் ஓடுச்சு, அப்பவும் இல்ல."

"நான்தான் சொன்னேனேக்கா."

"இருந்தாலும் துணிய எடுக்கப் பயமா இருக்கு. சுத்தித்தான் வச்சிருக்கேன். இவுக கேலி பண்றாக. குழாய்க்குக் கைலி கட்டிவிட்டுருக்கான்னு பாக்கெட் வாங்க வர்றவுககிட்ட எல்லாம் சொல்றாக."

"அவிழ்த்துப் போடுங்கக்கா அதை. ஈரத்துணி கட்டியிருந்தாத்தான் ஆபத்து. பயமே வேண்டாம். நான் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னாச் சரி." சிரித்தாள். "பர்ஹானாவும் அடுத்த வாரம் பிள்ளையத் தூக்கிட்டு வாரேங்கிறா. பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டணும்ல, அதான் ஒரே யோசனையா இருந்துச்சு."

பர்ஹானா அவர்கள் மகள், வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்தது. முதல் பேரனுக்கு ஐந்து மாதம். அவன் வருவதற்குள் குழாய் சரியாக வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த அவசரமெல்லாம்.

பள்ளி திறக்கிற நாளுக்கு முந்தின இரவு திரும்பி வந்தேன். விடிகாலை ஐந்து மணி. வெளியே பனி, சந்து விளக்கு மங்கலாகத் தெரிந்தது. பாய் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்போய் வந்த அலுப்போடு ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். பத்து நாளாகச் சும்மா கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பாங்கு சொன்னார்கள். நான் மாற்றுப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன்.

பிளாஸ்டிக் வாளி உருளுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு முனகல். பேசவே தெரியாதவர்கள் தொண்டையிலிருந்து வருமே, அந்த மாதிரி. முடியவே இல்லை அந்த முனகல்.

சந்துக் கதவைத் திறந்தேன். அக்கா இரண்டு காலும் மடங்கிக் குழாயடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தாள். வலது கை குழாய்த் திருகைக் கவ்வியிருந்தது. விரல்கள் திறக்கவில்லை. தண்ணீர் அவள் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. பாய் பள்ளிவாசலுக்குக் கிளம்பித் தொப்பியோடு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் தூக்கி எறிந்த மாதிரிச் சுவரில் மோதினார்.

"தொடாதீங்க பாய்! மெயினை அணைங்க, மெயினை!" என்று கத்தினேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே ஓடினார். கிரைண்டர் சத்தம் தேய்ந்து நின்றது. அவர்கள் வீட்டு வெளிச்சம் போயிற்று. லூர்தம்மாள் ஒரு விறகுக் கட்டையால் அக்கா கையைத் தட்டிவிடப் பார்த்தாள். அடி குழாயில் விழுந்தது.

"மெயினை அணைச்சாச்சு டீச்சர், இன்னும் விட மாட்டேங்குதே! கையை விட மாட்டேங்குதே!"

பாய் இருட்டிலிருந்து வந்து நின்றார். "மொத்தமா அணைச்சுட்டேன். எல்லாத்தையும் அணைச்சுட்டேன். இன்னும் எங்கருந்து வருது?"

அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாக யோசித்துத் தெரியவில்லை. சுவரில் ஓடுகிற பைப்பும், அதில் கட்டியிருந்த என் வீட்டுப் பச்சைக் கம்பியும் கண்ணில் பட்டன. உள்ளே ஓடினேன். வாசற்படி தடுக்கி முட்டி பெயர்ந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன்.

வெளியே, லூர்தம்மாளின் குரல் கேட்டது.

"விட்டுருச்சு. கை விட்டுருச்சு."

நூற்றெட்டு வண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது என்றார்கள். வண்டியில் ஏற்றும்போதே எனக்குத் தெரியும். அக்கா நெஞ்சில் கை வைத்து அழுத்திக்கொண்டே போன ஆம்புலன்ஸ் பையனுக்கும் தெரியும். அவன் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து உடலைத் தர அசர் நேரமாகிவிட்டது. அதற்குள் மின்வாரியத்து ஆட்கள் வந்து ஐந்து வீட்டு ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். தெருவே சந்தில் நின்றது. மெயினை அணைத்த பிறகும் அக்கா கை விடவில்லை என்பது கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லார் வாயிலும் கிரைண்டர்தான். புதுக் காயில் கட்டினானே, அவன் கட்டின லட்சணம் என்றார்கள். சனாவுல்லாவே செய்தி கேட்டு வந்திருந்தார். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"கட்டுன காயில்ல ஒரு உசுரு போயிருச்சுடா."

"அண்ணே, அதுல பழுது இல்லன்னு நான் மொதல்லயே சொன்னேன். பாயக் கேளுங்க, டீச்சரக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்தால் அவர்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். என்னை யாரும் கேட்கப் போவதில்லை. எனக்குத்தான் விவரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அரை நிமிஷத்தில் நான் என்னென்ன யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. வேலை, பெயர், மகளின் படிப்பு எல்லாம் யோசித்தேன்.

"அவரை விடுங்க," என்றேன். "கிரைண்டர்ல ஒண்ணும் இல்ல. என் வீட்டு ஹீட்டர்லருந்துதான் கரண்டு வந்துச்சு. எர்த்தைப் பைப்புல கட்ட வச்சது நான். அந்தப் பைப்பு இப்ப மண்ணுல இல்ல, பிளாஸ்டிக் போட்டுட்டாங்க. போட்டப்பப் பக்கத்துலதான் நின்னேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. கிரைண்டர்னு சொன்னதும் நான்தான், துணிய அவிழ்க்கச் சொன்னதும் நான்தான்."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. யாரோ ஒரு பெண் சீ என்றாள். பாய் வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் மோதிய நெற்றி வீங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார். "நான் மெயினை அணைச்சேன், அவ விடல. நீங்க ஒங்க வீட்டுக்குள்ள ஓடுனீக, விட்டுட்டா. அப்பவே தெரிஞ்சு போச்சு. நீங்க வாயத் தொறந்து சொல்வீகளான்னுதான் காலையிலருந்து ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்காவின் மய்யித்தைக் கொண்டுவந்து உள்ளே கிடத்தினார்கள். குளிப்பாட்டுகிற அம்மாமார்கள் மூன்று பேர் வந்து சேலையைக் கட்டி மறைப்பு வைத்தார்கள். தண்ணீர் வேண்டும் என்றார்கள். லூர்தம்மாள் ஐந்து குடத்தைக் கொண்டுவந்து சந்தில் வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். குழாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. வெளியே எங்கிருந்தாவது எடுத்து வரலாம் என்று ஒருவர் சொன்னார். மஹ்ரிபுக்கு முன்னால், இருட்டுறதுக்குள்ள எடுக்கணும், நேரமில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. லூர்தம்மாள் என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள், மறுபடி பார்த்தாள்.

"டீச்சர், தொறக்கலாமா?"

"தொறக்கலாம். ஃபியூஸ் கட்டை எல்லாம் பிடுங்கியாச்சு. ஒரு வீட்டுலயும் கரண்டு இல்ல. தொறக்கலாம்."

ஒருவரும் நகரவில்லை. நான் சொன்னது உண்மைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்த உண்மையை நம்பி இனிமேல் யார் அந்தக் குழாயில் கை வைப்பார்கள்?

பர்ஹானா மறைப்புச் சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் பிள்ளை இல்லை, யாரிடமோ கொடுத்திருந்தாள். அழுது முகம் ஊதியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"நீங்களே தொறங்க," என்றாள்.

சிமெண்டுத் தரையில் இறங்கி நின்றேன். ஈரம் பாதத்தில் ஏறியது. கரண்டு இல்லை என்று எனக்குத் தெரியும்; இருந்தும் கை நீளவில்லை. நீட்டி, திருகைப் பிடித்துத் திறந்தேன். தண்ணீர் வந்தது. முதல் குடத்தை வைத்து நிறைத்தேன். தூக்கிக் கொடுத்தபோது லூர்தம்மாள் சற்றுத் தயங்கி, என் விரல் படாத இடமாகப் பார்த்துப் பிடித்து வாங்கிக்கொண்டாள். அடுத்த குடத்தை வைத்தேன்.